லைனில் கோளாறு இல்லை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று காலை ஆறு நாற்பதுக்கு, இரண்டாவது காப்பிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், எங்கள் காரின் முன்விளக்கு வயரிங்கை முழுவதுமாக மாற்றுவது என்று முடிவு செய்யப்பட்டது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் கலந்துகொண்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிற்காலத்தில் எங்கள் ஊரான கடையத்தின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் இந்தத் தேதிக்காக அலையக் கூடாது என்பதால் இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன்.

புது நோட்டு வாங்கவில்லை. மின்துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து இளநிலைப் பொறியாளராக ஓய்வு பெற்ற அன்று, எழுதாத பழுதுப் பதிவேடு ஒன்று மாலை, சால்வைகளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று கட்டம்: புகார், காரணம், எடுத்த நடவடிக்கை. மனித வாழ்க்கைக்கு நான்காவது கட்டம் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

புகார்: இரவில் ரோடு தெரியவில்லை.
காரணம்: விசாரணையில்.
நடவடிக்கை: மேற்படி தீர்மானம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மகள் நித்யகல்யாணிக்குத் தலைப்பிரசவம். அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஓசூரிலிருந்து இங்கே வந்துவிடுவாள். நவம்பர் இரண்டாம் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பகலில் பிறந்தவர் யாரும் கிடையாது. ஆஸ்பத்திரி தென்காசியில், இருபது கிலோமீட்டர். வழியில் பாதித் தூரம் புளியமரமும் இருட்டும்தான்.

வாடகைக் காருக்குச் சொல்லி வைக்கலாமே என்றாள் என் மனைவி செண்பகவல்லி. சொந்தக் கார் வாசலில் நிற்க, தலைப்பிரசவத்துக்கு மகளை வாடகைக் காரில் ஏற்றினான் என்று ஊர் பேசும் என்று விளக்கினேன். ஊரில் யார் பேசுவார்கள் என்று பெயர் கேட்டாள். அந்த அளவுக்கு நான் தயாராகப் போயிருக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஐகோர்ட்துரையிடம் காரைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதுக்காரர். குலசாமி பெயர். இந்தப் பெயர் உள்ளவர் தீர்ப்புச் சொன்னால் மேல்முறையீட்டுக்கு டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியில் பதிமூன்றரை வோல்ட். அதே மின்சாரம் பல்புக்கு வந்து சேரும்போது பதினொன்று. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி விளக்குக்கு வரும் மெல்லிய வயர், வயது இருபத்தாறு.

சிகிச்சை: ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த வயரில் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேவுக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும், எதையும் சுமக்காது. அதாவது அதிகாரி கையெழுத்துப் போடுவார், மூட்டையை வேறொருவர் தூக்குவார். இந்தத் தத்துவத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருடம் டேஷ்போர்டில் இருந்தவன் நான்.

கோளாறு லைனில்தான் என்று கருவியே சொல்லிவிட்டது. மனம் லேசாக இருந்தது. வழியில் வடை வாங்கினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வேலை முடிந்தது. பல்பில் பதிமூன்றேகால் வோல்ட். இருட்டிய பிறகு எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். எதிர்வீடு ஓய்வுபெற்ற ஆசிரியர் காஜா முகைதீனுடையது. சட்டை போடாமல் வெளியே வந்து, தன் வீட்டுப் பால்கணக்கு அட்டையை ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் வைத்துப் படிக்க முடிவதாகச் சொன்னார். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். அவர் அந்த நோக்கத்தில் சொல்லவில்லை.

பிறகு தென்காசிப் பாதையில் மாதாபுரம் வரை ஓட்டினேன்.

புகார்: முன்பு போலவே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஓய்வூதியர் சங்கத்தில் இலவசக் கண் முகாம். சுண்டலும் காப்பியும் உண்டு என்று செயலாளர் போனில் சொன்னதால் போனேன். கண் மருத்துவர் என் மகளைவிடச் சின்னப் பெண். இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது, ஆனால் அது எதிரே வருகிறவர்களின் ஒழுக்கக் கேடு என்றேன். சிரிக்கவில்லை. கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்து, பச்சை அட்டை ஒன்றில் ஏதோ எழுதிக் கொடுத்தாள். மகன் அல்லது மகளோடு வரச் சொன்னாள்.

அட்டை நல்ல கனம். முகாமை நடத்துகிறவர்கள் காகிதத்தில் சிக்கனம் பார்க்கவில்லை.

சுண்டலில் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

செண்பகவல்லி மகளின் சுகப்பிரசவத்துக்காக ஒரு மண்டலம் கோவிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். இன்று முதல் நாள். காலை ஆறு மணிக்குப் போய் ஏழரைக்கு வந்தாள். திருநீறு எங்கே என்று கேட்டேன். ஐயர் லேட் என்றாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மேடுபள்ளத்தில் ரிலே அதிர்ந்து சத்தம் போடுகிறது. கீழே மெத்தை மாதிரி ஏதாவது வைத்து முடுக்க வேண்டும். ரப்பர் தேடினேன், கிடைக்கவில்லை. பச்சை அட்டையை நான்காக மடித்து வைத்ததில் அளவு கச்சிதம். சத்தம் நின்றது. நவீன மருத்துவத்தால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் காரைப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அறுபது வாட்ஸ் பல்புகளை எடுத்துவிட்டு நூறு வாட்ஸ் போட்டாகிவிட்டது. இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஐகோர்ட்துரை சொன்னார். பெயருக்காகவாவது கேட்டிருக்கலாம்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆழ்வார்குறிச்சிப் பாதையில் சோதனை. எதிரே வந்த மினிபஸ் நின்றது. டிரைவர் இறங்கி, கண்ணைக் கையால் மறைத்தபடி என் ஜன்னலுக்கு வந்தார்.

"பெரியவரே, கலியாண வீட்டு சீரியல் செட்டையா முன்னால கட்டிட்டு வாரிய? பஸ்ஸுல முப்பது உசுரு இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் எனக்கு ஒரு மங்கிய வட்டமாகத்தான் தெரிந்தது. எனக்கு அவரும் அவருக்கு நானும் தெரியவில்லை. நம் நாட்டுச் சாலையில் இவ்வளவு முழுமையான சமத்துவத்தை நான் முன்பு கண்டதில்லை.

காரணம் கட்டம் இன்னும் காலி. பல்பின் தரமாக இருக்கலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

வளைகாப்பு நன்றாக நடந்தது. சம்பந்தி அம்மாளிடம் பத்து நிமிடம் மாப்பிள்ளையின் குணத்தைப் பாராட்டிப் பேசினேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சம்பந்தி அல்ல, பந்தி பரிமாற வந்த சமையல்காரரின் மனைவி என்று தெரிந்தது. மண்டபத்தில் வோல்டேஜ் குறைவு. மேலாளரைக் கூப்பிட்டு, லைனைப் பார்க்கச் சொன்னேன். மணி பகல் பதினொன்று, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன என்று அவர் தெரிவித்தார்.

கல்யாணி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் எங்கே இருக்கிறாள் என்பது இனி சத்தத்திலேயே தெரியும். இது ஒரு வசதி.

செப்டம்பர் 14, சனி

நூறு வாட்ஸ் சூட்டில் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிட்டது. காருக்குள் சாம்பிராணிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு வாசம். பீங்கான் ஹோல்டர் போட்டோம். வயரையும் இன்னும் தடிப்பாக மாற்றினோம். இப்போது எங்கள் காரின் முன்பகுதியில் ஓடுகிற வயரை வைத்து ஒரு சிறிய ரைஸ் மில்லை நடத்தலாம்.

கல்யாணி கேட்டாள்: "அப்பா, இவ்வளவு வெளிச்சத்துல நீங்க என்னத்தத் தேடுதீங்க?"

ரோட்டை என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

செண்பகவல்லியின் விரதம் தொடர்கிறது. முப்பத்தாறாவது நாள். பக்தி அவளிடம் சில மாற்றங்களை உண்டாக்கியிருக்கிறது. டிவி பார்க்கும்போது இடது காலால் தரையை அழுத்துகிறாள். அழுத்திவிட்டு வலது காலை மெதுவாக இறக்குகிறாள். இன்று சாப்பாட்டு நேரத்தில், ரயில்வே கேட் மேட்டில் வண்டி நின்றுபோனால் பின்னால் உருளாமல் எப்படி எடுப்பது என்று கேட்டாள். ஹேண்ட் பிரேக்கைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினேன். முப்பத்திரண்டு வருடத்தில் என் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ரசம் ஆறிவிட்டது.

திருநீறு இன்றும் வரவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மண்டலம் முந்தாநாள் நிறைவடைந்தது. இன்று செண்பகவல்லி, கல்யாணிக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று காலையிலேயே தென்காசிக்குப் பஸ்ஸில் போனாள். மூன்று மணிக்கு வந்தாள். மாத்திரை இல்லை. ஆனால் அரைக் கிலோ அல்வா இருந்தது. மருந்துக்கடை பூட்டியிருந்ததாம். பூட்டிய கடைக்காக அல்வா வாங்குகிற வழக்கம் அவள் பிறந்த ஊரில் இருக்கலாம்.

அல்வாவைத் தின்றுகொண்டே தாயும் மகளும் காரணமில்லாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வீட்டில் ஒற்றுமை வேண்டும் என்பதற்காக.

அக்டோபர் 10, வியாழன்

காரில் இரண்டு புதிய கோளாறுகள்.

ஒன்று: டிரைவர் சீட் தானாக முன்னால் நகர்கிறது. மதியம் நான் தூங்கி எழுந்து பார்த்தால், அடியில் உள்ள தண்டவாளத்தில் மூன்று பல் முன்னே போயிருக்கிறது. என் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. பின்னால் தள்ளி, தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டேன். மறுநாள் மறுபடி மூன்று பல்.

இரண்டு: நிற்கிற வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் ஓடுகிறது. நேற்று மதியத்துக்கும் இன்று மதியத்துக்கும் நடுவில் பதினொரு கிலோமீட்டர்.

ஐகோர்ட்துரையிடம் இரண்டையும் சொன்னேன். பழைய வண்டியில் அப்படி ஆகும் சார் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் கடையில் நேற்று மதியம் யாரும் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இந்த இரண்டு தகவல்களையும் இணைத்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கல்யாணியை உட்கார வைத்து ஒத்திகை. நான்கு கிலோமீட்டரில் திரும்பிவிட்டோம். விளக்கு வேலை செய்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

நேற்று எழுதியது பதிவேட்டு விதிகளின்படி முழுமையானதல்ல.

ஏழு மணிக்கு ரவணசமுத்திரம் பக்கம் திரும்பினோம். நாற்பதில்தான் போனேன். கல்யாணி முன் சீட்டில். எதிரே ஒரு லாரி விளக்கு வந்தது. வழக்கம்போல வளையமாகி, ரோடு முழுவதும் பால் கொட்டினது போல வெளுத்தது. அது கடந்து போக எப்போதும் ஆகிற நேரம் ஆனது. கல்யாணி "அப்பா" என்றாள். கத்தவில்லை, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல மெதுவாகச் சொன்னாள். வளையல் எல்லாம் ஒரே சமயத்தில் டேஷ்போர்டில் மோதின. நான் பிரேக்கை அழுத்தினேன். எதற்கு அழுத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

கார் நின்ற பிறகு பம்பருக்கு முன்னால் ஒரு முழத்தில் சைக்கிள் இருந்தது. பின் கேரியரில் புல்லுக்கட்டு. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நூறு வாட்ஸ் இரண்டு அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஊரிலேயே அந்த நிமிடத்தில் அவரைவிட வெளிச்சமாக நின்ற ஆள் கிடையாது.

அவர் திட்டியிருக்கலாம். "ஐயா, லைட்டு பகல் மாதிரி இருக்கே. எங்கன பாத்து ஓட்டுதிய?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திரும்பும்போது கல்யாணி ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை டேஷ்போர்டிலும் வைத்திருந்தாள். வீடு வந்ததும் "அம்மாட்ட சொல்லல" என்றாள். நன்றி சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் ஹாரனைத் துடைத்தேன்.

காரணம்:

அக்டோபர் 16, புதன்

ஐகோர்ட்துரையிடம் போய், ரிலேயை மாற்று, இது சரியில்லை என்றேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். பல்பில் பதிமூன்றரை. பேட்டரியிலும் பதிமூன்றரை. வழியில் ஒரு துளிகூட நஷ்டமில்லை. இப்படி ஒரு லைனை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

ஆனாலும் கழற்று என்றேன். கழற்றினார். ரிலேக்கு அடியிலிருந்து பச்சை அட்டை வந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பிரித்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் அதிக நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் சுவரிலிருந்த மாதக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி தெரியவில்லை. கட்டங்கள் தெரிந்தன.

"சார், தொண்ணூத்தி மூணுல எங்க அக்கா கலியாணம்" என்றார். "வீட்டுல பல்பு தீக்குச்சி மாதிரி எரிஞ்சுது. எங்கப்பா உங்க ஆபீசுக்கு வந்து புகார் எழுதிக் குடுத்தாவ. நீங்கதான் இருந்திய. என்ன சொன்னிய தெரியுமா?"

தெரியும். எல்லாருக்கும் அதைத்தான் சொன்னேன். ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் அதில் செய்து வைத்திருப்பேன்.

"லைன்ல கோளாறு இல்ல, உங்க வீட்டுக்குள்ள பாருங்கன்னு சொன்னிய. நான் வீட்டு வயரிங்க மொத்தமும் பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். அப்படித்தான் சார் இந்தத் தொழிலே படிச்சேன்."

வீட்டுக்குள் கோளாறு கிடைத்ததா என்று கேட்டேன்.

"எங்க கிடைக்கும்? கோளாறு டிரான்ஸ்பார்மர்லல்லா இருந்துச்சு. கலியாணம் பெட்ரோமாக்ஸ்லதான் நடந்துச்சு."

அட்டையை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். இந்த மாதிரி வேலையை அவர் வாடிக்கையாளருக்குச் செய்து நான் பார்த்ததில்லை.

"இப்ப நான் சொல்லுதேன் சார். லைன்ல கோளாறு இல்ல. வீட்டுக்குள்ள பாருங்க."

மேல்முறையீடு செய்யவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வாடகைக் கார் வைத்திருக்கும் இசக்கிப்பாண்டியிடம் சொல்லி வைத்தேன். எந்த நேரமும் கூப்பிடலாம், போன் தலைமாட்டில்தான் இருக்கும் என்றான். வீட்டில் செண்பகவல்லியிடம், யோசித்துப் பார்த்ததில் வாடகைக் காரில் போவதுதான் கௌரவம் என்று தெரிவித்தேன். ஊர் பேசாதா என்று கேட்டாள். பெயர் கேட்டேன். சங்கச் செயலாளர், கண் முகாம் நடந்த ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி சாயங்காலமே போனில் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று, தேங்காய் துருவிக்கொண்டே, தேங்காயைப் பார்த்துச் சொன்னாள்.

அறுபது வாட்ஸ் பல்பைத் திரும்பப் போட்டாகிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காஜா முகைதீன் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொடுத்தேன். ஒவ்வொரு மத்தாப்பைச் சுற்றியும் மூன்று வளையம், ஊதா, பச்சை, மஞ்சள். வேறு யாருக்கும் இது தெரியாது. அட்டையில் எழுதியிருக்கிற கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரையும் போல வெறும் மத்தாப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

டிரைவர் சீட் இன்றும் முன்னால்தான் இருந்தது. பின்னால் தள்ளினேன். முழங்கால் என்று ஒன்று இருக்கிறதே.

நவம்பர் 9, சனி

நேற்று ராத்திரி பன்னிரண்டரைக்கு வளையல் சத்தம் கேட்டு விழித்தேன். கல்யாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை, அடைமழை. இசக்கிப்பாண்டியின் போன் அணைந்திருந்தது. தலைமாட்டில்தான் அணைந்திருந்திருக்கும். ஆம்புலன்ஸ் இன்னொரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கல்யாணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

காரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்யப்பட்டது. இந்த முறையும் கூட்டத்தில் நான் ஒருவன்தான். செண்பகவல்லி கல்யாணியைப் பின் சீட்டில் படுக்க வைப்பதற்குள் நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதை அன்றைக்கு நான் பின்னால் தள்ளியிருக்கவில்லை; முழங்கால் இடித்தது. விளக்கைப் போட்டேன். எதிர்வீட்டுச் சுவர் எரிந்தது. மழையில் அது வெள்ளைத் துணி மாதிரி அசைந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கேட் எங்கே, தெரு எங்கே என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக ஓட்டுகிற வண்டி, பழகின கை, எப்படியாவது போய்விடலாம் என்று ஒரு குரல் சொன்னது. புல்லுக்கட்டுக்காரர் கேட்ட கேள்வி அதற்குப் பின்னாலேயே வந்தது. சாவியைத் திருப்பினேனா இல்லையா என்று நினைவில்லை. கை மட்டும் அதன் மேல் இருந்தது.

கதவு திறந்தது. செண்பகவல்லி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள்.

"எறங்குங்க."

"யாரு ஓட்டுவா?"

"நாப்பத்தெட்டு நாளு கோவிலுக்கா போனேன்னு நெனச்சிய?"

"ஒருநாள்கூடத் திருநீறு வரலன்னு எனக்கும் தெரியும்" என்றேன்.

"அப்பம் எதுக்கு இன்னும் அங்கன உக்காந்திருக்கிய?"

இறங்கினேன். காரைச் சுற்றி மறுபக்கம் போவதற்குள் முழுவதும் நனைந்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. அங்கே பிரேக் கிடையாது என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

அவள் ரெண்டாவது கியரிலேயே போனாள். பஸ் நிலையம் தாண்டியதும், ரயில்வே கேட் மேட்டுக்குப் பிறகு இரண்டாவது முறையாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்துவது எப்படி? டிரைவிங் ஸ்கூலிலும், லைசென்ஸ் வாங்கி அல்வாவோடு வந்த பிறகு எங்கள் காரில் ஐகோர்ட்துரையிடமும் பகலில் மட்டுமே பழகியதால், அதை யாரும் சொல்லித் தரவில்லையாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிற கம்பியைக் காட்டினேன். அந்த ராத்திரியில் என் பங்கு அவ்வளவுதான்.

மாதாபுரம் தாண்டினதும் கல்யாணி முனங்க ஆரம்பித்தாள். செண்பகவல்லி பேச்சுக் கொடுத்தபடியே இருந்தாள். அப்போதுதான் புளியமரங்களைப் படிக்கத் தொடங்கினாள். நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்தில் வெள்ளையடித்துக் கறுப்பில் எழுதியிருக்கும் நம்பர்கள்.

"நூத்திப் பதினாலு. நூத்திப் பதினஞ்சு. கல்யாணி, எண்ணுளா. அடுத்த வலி எத்தனாவது மரத்துல வருதுன்னு சொல்லு."

"நூத்தி இருவத்தாறுல வந்துச்சும்மா."

"நூத்தி நாப்பது. அங்கன கீரிப்பிள்ள ஓடுது. நூத்தி நாப்பத்தொண்ணு. மைல்கல்லு, தென்காசி ஒம்போது."

நான் முன் கண்ணாடியில் பார்த்தேன். மழையும் வெளுப்பும்தான் இருந்தது. அவள் ஒன்றையும் விடவில்லை. ரோட்டோரத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பு, பள்ளத்தில் நின்ற தண்ணீர், மரத்தில் ஆணியடித்த சித்த வைத்தியர் விளம்பரம், அதிலிருந்த போன் நம்பர்கூட. விளக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்டேன்.

"அந்தா, நாலாவது மரம் வரைக்கும் நம்பரோட தெரியுது" என்றாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கிய."

அந்த நம்பர்களை நான் கடைசியாகப் படித்தது எப்போது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்று வருடம் இருக்கும். நான்காகவும் இருக்கலாம். வலிகளுக்கு நடுவில் இருந்த மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. பதினொன்று, ஒன்பது, ஆறு. இருநூற்று மூன்றில் மரங்கள் முடிந்து ஊர் விளக்குகள் வந்தன. அவை எனக்கும் தெரிந்தன, வளையத்தோடு.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துவிட்டது. அதற்கு மேல் அது போக வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பெண் குழந்தை. ஒன்பதாம் தேதி விடியற்காலை இரண்டு ஐம்பத்தைந்து. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இன்று மூன்று பேரையும் செண்பகவல்லி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து பச்சை அட்டையை வைத்திருந்தேன்; ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் கண் மருத்துவரிடம் காட்டினோம். எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்று கேட்டார்கள். செண்பகவல்லி விளக்கினாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

புகார்: இரவில் ரோடு தெரியவில்லை.
காரணம்: புரை. வலது கண் முற்றியது, இடது கண் பாதி.
நடவடிக்கை: வலது கண் ஆபரேஷன் டிசம்பர் 3. இடது கண் ஜனவரியில்.

டிரைவர் சீட் மூன்று பல் முன்னால் இருக்கிறது.